நில உபயோக மாற்றத்துக்கு ஆட்சேபனை போடுவது எப்படி: மலையில் இருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஊருக்கு மேலே இருக்கிற தேயிலைச் சரிவில் ரிசார்ட் வரப்போகிறது, சதுப்பில் மண்ணைக் கொட்டி மேடாக்கப் போகிறார்கள், மாஸ்டர் பிளானை (எந்த நிலம் எந்த உபயோகத்துக்கு என்று வகுக்கிற திட்டம்) திருத்துகிறார்கள் என்றெல்லாம் பேச்சு அடிபடும்போது, எங்கே போவது, யாருக்கு எழுதுவது, என்ன காகிதம் வேண்டும் என்று விசாரித்தால் பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்வார்கள். கோத்தகிரிப் பக்கம் ஓடையோரச் சரிவு ஒன்றுக்காக இந்த அலைச்சலை நான் முழுசாக அலைந்திருக்கிறேன். ஒரு அலுவலகத்தில் "இது எங்களுக்கு வராதுங்க, அங்கே கேளுங்க" என்பார்கள், அங்கே போனால் திரும்ப இங்கேயே அனுப்புவார்கள். அடுத்தவருக்கு அந்த அலைச்சல் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். பொக்லைன் சரிவில் ஏறுவதற்கு ரொம்ப முன்பே முடிவு காகிதத்தில் எடுக்கப்பட்டுவிடுகிறது. அந்தக் காகிதத்தின் மேல் நீங்கள் எழுத்து மூலம் பேச சட்டம் கொஞ்ச நாள் இடம் கொடுக்கிறது. அந்த நாட்களுக்குள் செய்ய வேண்டியவை கீழே.

1. எந்த முடிவு யார் கையில் இருக்கிறது என்று பிரித்துக்கொள்ளுங்கள்

முதல் குழப்பமே இங்கேதான். ஊராட்சித் தலைவர் மனது வைத்தால் நிறுத்திவிடலாம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கட்டட அனுமதியில் ஊராட்சிக்குப் பங்கு உண்டு, ஆனால் விவசாய உபயோகத்தில் இருக்கிற நிலத்தை வணிக உபயோகத்துக்கு மாற்றும் அதிகாரம் அதற்குக் கிடையாது. மாஸ்டர் பிளான் (அரசுக் காகிதங்களில் முழுமைத் திட்டம் என்று இருக்கும்) உள்ள பகுதியில், 1971-ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி திட்டக் குழுமம், நகர் ஊரமைப்பு இயக்ககம், கடைசியாக வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறை என்று கோப்பு மேலே போகும். உள்ளாட்சி மன்றத்தின் தீர்மானம் அந்தக் கோப்பில் ஒரு காகிதம். மாஸ்டர் பிளான் இல்லாத பகுதி என்றால் அதே சட்டத்தின் 47-ஏ பிரிவு.

இதற்கு மேல், மலைக்கென்று ஹாக்கா இருக்கிறது, அதாவது 1990-இல் அமைக்கப்பட்ட மலையிடப் பாதுகாப்புக் குழுமம். ஹாக்கா பட்டியலில் உள்ள கிராமம் என்றால் வனத்துறை, வேளாண்மைப் பொறியியல் துறை, புவியியல் மற்றும் சுரங்கத்துறை ஆகியவற்றின் கருத்துரை இல்லாமல் கோப்பு நகராது. இந்த மூன்று பெயரையும் குறித்து வையுங்கள். கடிதம் எழுதும்போது இவைதான் உங்களுக்கு ஆதாரம்.

மரம் வெட்டுவது தனிக் கணக்கு, அதற்கு 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம். தனியார் காடாக அறிவிக்கப்பட்ட நிலம் என்றால் 1949-ஆம் ஆண்டுச் சட்டம், அங்கே விற்பதற்கே மாவட்டக் குழுவின் அனுமதி வேண்டும். கூடலூர், பந்தலூர் பக்கம் ஜென்ம நிலச் சிக்கல் (ஜென்மிகள் என்ற பழைய நிலவுடைமையாளர்களின் எஸ்டேட் நிலம் பற்றிய 1969-ஆம் ஆண்டுச் சட்டம், அதன் 17-ஆம் பிரிவு நிலங்கள்) இதற்கெல்லாம் முன்னால் வந்து நிற்கும். அதைத் தனியாக ஒருவரிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளாமல் மேலே போகாதீர்கள்.

2. சர்வே எண்ணைப் பிடியுங்கள்

"அந்த வளைவுக்கு மேலே இருக்கிற எஸ்டேட்" என்று எழுதிய மனு குப்பைக்குத்தான் போகும். கிராமத்தின் பெயர், சர்வே எண், உட்பிரிவு எண் மூன்றும் வேண்டும். எண் தெரியாவிட்டால் கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பக்கத்துத் தோட்டக்காரரின் பட்டாவை வைத்துக்கொண்டும் எண்ணைக் கண்டுபிடித்துவிடலாம்.

எண் கிடைத்ததும் அரசின் இ-சர்வீசஸ் தளத்தில் பட்டா-சிட்டா, அ-பதிவேடு (எந்த சர்வே எண் என்ன வகை நிலம் என்று இருக்கும்), புலப்படம் (அந்த நிலத்தின் அளவு வரைபடம்) மூன்றையும் எடுங்கள். காசு எதுவும் இல்லை. பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்கத்தையும் இலவசமாகவே பார்க்கலாம். நிலம் எப்போது கைமாறியது, எத்தனை துண்டாக விற்றிருக்கிறார்கள் என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். ஊட்டி, குன்னூர் நகர எல்லைக்குள் என்றால் சர்வே எண்ணுக்குப் பதில் நகர நில அளவை எண் இருக்கும், வார்டு, பிளாக் விவரமும் சேர்த்துத்தான் தேட வேண்டும்.

இதில் புலப்படம்தான் முக்கியம், அவசரப்படாமல் பாருங்கள். சர்வே எல்லைக்குள் நெளிநெளியாக இரண்டு கோடு சேர்ந்து ஓடினால் அது ஓடையாக இருக்கலாம். அந்த எண்ணை அ-பதிவேட்டில் ஒப்பிட்டுப் பாருங்கள், "ஓடை" என்றோ "ஓடை புறம்போக்கு" என்றோ எழுதியிருக்கிறதா என்று தெரியும். கோடையில் அந்த இடத்துக்குப் போனால் பெரணிப் புதர்தான் இருக்கும், தண்ணீர் ஒரு சொட்டு இருக்காது, "இங்கே எங்கேங்க ஓடை?" என்று கேட்பார்கள். நாங்கள் அந்தப் புலப்படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்து ஓடைக்கு மட்டும் நீலப் பென்சிலால் வண்ணம் தீட்டிக் கொண்டுபோய் வைத்தோம். அதற்குப் பிறகு அந்தக் கேள்வி வரவில்லை.

3. அறிவிப்பைத் தேடிப் போங்கள், அது உங்களைத் தேடி வராது

மாஸ்டர் பிளான் புதிதாக வந்தாலோ முழுமையாகத் திருத்தப்பட்டாலோ, சட்டத்தின் 26-ஆம் பிரிவுப்படி அரசிதழிலும் நாளிதழ்களிலும் அறிவிப்பு வர வேண்டும், ஆட்சேபனைக்குக் குறைந்தது இரண்டு மாதம் கொடுக்க வேண்டும். அந்த இரண்டு மாதம் அரசிதழில் வந்த தேதியிலிருந்து ஓடுகிறது. பேப்பரில் நீங்கள் பார்த்த நாளிலிருந்து எண்ணினால் கடைசியில் நாலு நாள் குறையும்.

ஒரே ஒரு நிலத்துக்கு மட்டும் உபயோக மாற்றம் என்றால் கெடு இதைவிடக் குறைவு. நாளிதழ் விளம்பரத்தில் என்ன கெடு போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு. பொடி எழுத்தில், சர்வே எண் மட்டும் போட்டு, டெண்டர் விளம்பரங்களுக்கு நடுவே வந்துவிட்டுப் போய்விடும். ஊரில் பேப்பர் வாங்குகிற இரண்டு மூன்று பேரிடம் சொல்லி வையுங்கள். ஊராட்சி, நகராட்சி, திட்டக் குழுமம் மூன்று இடத்தின் அறிவிப்புப் பலகையையும் வாரம் ஒருமுறை போட்டோ எடுத்து வைப்பதும் நல்லது. பலகையில் ஒட்டினோம் என்று பின்னால் சொல்லும்போது, ஒட்டாததற்கு அந்த போட்டோக்கள்தான் சாட்சி.

4. தகவல் உரிமை மனுவை முதல் வாரத்திலேயே அனுப்புங்கள்

பதில் தர 30 நாள் அவகாசம் இருப்பதால், தாமதித்தால் ஆட்சேபனைக் கெடுவே முடிந்துபோகும். கட்டணம் 10 ரூபாய், மனுவில் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். கேள்விகளை ஆவணமாகக் கேளுங்கள். "ஏன் அனுமதி கொடுத்தீர்கள்?" என்று கேட்டால் "விளக்கம் கேட்பது தகவல் ஆகாது" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். இப்படிக் கேளுங்கள்:

சர்வே எண் இன்னது தொடர்பான நில உபயோக மாற்ற விண்ணப்பம், மனைப்படம் ஆகியவற்றின் நகல். வனம், வேளாண்மைப் பொறியியல், புவியியல் துறைகள் அளித்த கருத்துரைகளின் நகல். தள ஆய்வு நடந்த தேதி, ஆய்வறிக்கையின் நகல். உள்ளாட்சி மன்றத் தீர்மானத்தின் நகல். கோப்பின் குறிப்புப் பக்கங்களின் நகல்.

கூடவே, கோப்பை நேரில் பார்வையிட அனுமதி வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது, கோப்பில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதை அந்த ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம். பதில் வரவில்லை, அல்லது அரைகுறையாக வந்தது என்றால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குக் கட்டணம் இல்லை. அதுவும் சரிவரவில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு.

5. சரிவு பற்றிய ஆதாரங்களைச் சேருங்கள்

இதற்குத்தான் நேரம் அதிகம் பிடிக்கும், இதுதான் எடுபடுவதும். "இயற்கை அழியும், பருவநிலை மாறும்" என்று எழுதினால் யாரும் மறுக்க மாட்டார்கள், யாரும் அதை வைத்து எதுவும் செய்யவும் மாட்டார்கள். இந்தச் சரிவில், இந்த மழையில், இந்தத் தண்ணீர் எந்த வீட்டுக்குப் பின்னால் இறங்கும் என்று காட்ட வேண்டும்.

மழையிலிருந்து தொடங்குங்கள். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் பெய்தது, அப்போது மாவட்டத்தில் நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 900 மில்லிமீட்டரைத் தாண்டியது. சராசரி மழையை வைத்துப் போட்ட வடிகால் இந்த மாதிரி நாளில் எதற்கும் உதவாது. ஆகவே, விண்ணப்பதாரரின் வடிகால் திட்டம் எந்த அளவு மழைக்குக் கணக்கிடப்பட்டது என்று கடிதத்தில் கேளுங்கள், இந்த எண்களை எடுத்துக்காட்டுங்கள். பக்கத்து எஸ்டேட்டில் மழைமானிப் பதிவேடு வைத்திருப்பார்கள், பல வருடத்து நோட்டுகள் இருக்கும். மரியாதையாகக் கேட்டால் நகல் எடுக்க விடுவார்கள். உங்கள் சரிவுக்கு அதைவிடப் பக்கத்துக் கணக்கு வேறு கிடைக்காது.

அடுத்து போட்டோ. கோத்தகிரி, குன்னூர், கேத்தி போன்ற கிழக்குச் சரிவுகளுக்கு அடைமழை ஐப்பசி, கார்த்திகையில் வரும். கூடலூர், பந்தலூர், குந்தா பக்கம் ஆடியில். அந்தந்தக் காலத்தில் எடுத்த போட்டோதான் பேசும். ஓடையில் தண்ணீர் ஓடுவது, ரோட்டுக்கு மண் வந்து விழுந்தது, தடுப்புச் சுவர் வயிறு தள்ளி நிற்பது, சுவரின் நீர்த்துளைகளில் கலங்கல் தண்ணீர் வருவது எல்லாவற்றையும் தேதியோடும் இடக்குறியோடும் எடுங்கள். பெரியவர்களிடம் கேட்டு, எந்த வருடம் எங்கே சரிந்தது என்று எழுதிக் கையெழுத்தும் வாங்குங்கள்.

இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் நிலச்சரிவு அபாய வரைபடம் புக்கோஷ் என்ற தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. எடுத்துச் சேருங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். அது 1:50,000 அளவிலானது, வரைபடத்தின் ஒரு சென்டிமீட்டர் தரையில் அரை கிலோமீட்டர். "இது உங்கள் சர்வே எண்ணுக்கு எடுத்த படம் இல்லையே" என்று எதிர்த்தரப்பு சொல்லும், சொன்னால் அது சரியும்கூட. அதனால், "இப்பகுதி அபாயப் பகுதி என்று வரைபடம் காட்டுவதால், இந்த நிலத்துக்குத் தனியாகச் சரிவு உறுதித்தன்மை ஆய்வு செய்யாமல் முடிவெடுக்கக் கூடாது" என்று கேளுங்கள். அந்தக் கோரிக்கையைத் தட்டிக்கழிப்பது கஷ்டம்.

6. கடிதம்

பத்துப் பக்கக் கட்டுரை வேண்டாம். இரண்டு அல்லது மூன்று பக்கம் போதும், ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு எண், ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு இணைப்பு. தலைப்பிலேயே அறிவிப்பு எண், தேதி, கிராமம், சர்வே எண் வந்துவிட வேண்டும். காரணங்களைத் துறை வாரியாகப் பிரித்து எழுதினால் கோப்பைப் பார்க்கிறவரும் அதற்குத் துறை வாரியாகவே பதில் வாங்க வேண்டி வரும். சரிவை வெட்டுவது புவியியல் துறைக்கு, ஓடையும் மண் அரிப்பும் வேளாண்மைப் பொறியியலுக்கு, மரம், யானை, காட்டெருமை வழி வனத்துக்கு.

ஒரு மாதிரி வரி: "இணைப்பு 2-இல் உள்ள புலப்படத்தில் சர்வே எண் ........-இன் குறுக்கே ஓடை காட்டப்பட்டுள்ளது. விண்ணப்பதாரரின் மனைப்படத்தில் (இணைப்பு 3) இந்த ஓடை காட்டப்படவில்லை. எனவே தள ஆய்வு மீண்டும் செய்யப்பட்டு, அதன் அறிக்கை கிடைத்த பின்னரே இவ்விண்ணப்பம் பரிசீலிக்கப்பட வேண்டும்."

இவ்வளவுதான். கோபம் இருந்தாலும் கடிதத்தில் வேண்டாம், இன்னார் இன்னாருக்குக் காசு கொடுத்தார் என்று ஆதாரமில்லாமல் எழுதினால் மற்ற காரணமெல்லாம் அடிபட்டுப்போகும், அவதூறு வழக்கும் வரலாம்.

கடைசி வரியாக இதை எழுத மறக்காதீர்கள்: "என்னை நேரில் விசாரிக்கக் கோருகிறேன்." மாஸ்டர் பிளான் விஷயத்தில், நேரில் சொல்ல வாய்ப்பு வேண்டும் என்று கேட்டவர்களுக்குத்தான் சட்டம் அந்த வாய்ப்பைக் கொடுக்கிறது. இந்த ஒரு வரி இல்லாததால் நல்ல ஆட்சேபனைகள் பேசாமல் கோப்பில் கிடக்கின்றன.

நூறு பேர் கையெழுத்துப் போட்ட ஒரே மனுவைவிட, அவரவர் வீட்டு நிலையைச் சேர்த்து எழுதிய இருபது தனி மனுக்கள் மேல். ஓடைக்குக் கீழே இருப்பவர் ஓடையைப் பற்றி எழுதட்டும், குடிநீர்க் கிணறு இருப்பவர் கிணற்றைப் பற்றி எழுதட்டும். நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் நகராதீர்கள், "வச்சிட்டுப் போங்க" என்றால் அங்கிருந்தே தபால் நிலையம் போய் ஸ்பீடு போஸ்டில் அனுப்பிவிடுங்கள். ஒரு நகலை ஆட்சியருக்கும் அனுப்புங்கள். மாவட்டக் காலநிலை மாற்ற இயக்கத்துக்குத் தலைமை ஆட்சியர்தான், காலநிலை அலுவலர் மாவட்ட வன அலுவலர். அந்தப் பொறுப்பைக் குறிப்பிட்டே முகவரி எழுதுங்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால் மனு எண் கிடைக்கும்.

7. கிராம சபைத் தீர்மானம்

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடும். உங்கள் கெடுவுக்குள் இதில் ஒன்று வந்தால் விடாதீர்கள். தலைவர் இல்லாமல் தனி அலுவலர் பொறுப்பில் ஊராட்சி இருந்தாலும் சபை கூடத்தான் வேண்டும். தீர்மானத்தை முன்கூட்டியே எழுத்தில் கொடுத்து, பொருள் நிரலில் சேர்க்கச் சொல்லுங்கள். அன்றைக்குப் போய் எழுந்து பேசினால் கைதட்டு கிடைக்கும், தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி இருக்காது.

ஆள் கணக்கும் உண்டு, இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். தேயிலை பறிக்கிற நேரத்தில் கூட்டம் வைத்தால் பெண்கள் யாரும் வர முடியாது, அதனால் நேரத்தையும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் முடிந்ததும் புத்தகத்தின் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். இந்தத் தீர்மானம் நகர் ஊரமைப்பைக் கட்டுப்படுத்தாது, ஆனால் கோப்பில் ஏறிவிட்டால் அதைப் பார்க்காததுபோல் உத்தரவு எழுத முடியாது.

ஊராட்சியில் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்கிறதா என்றும் கேளுங்கள். 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் இருக்க வேண்டும். பெரும்பாலும் பெயரளவில்தான் இருக்கும், ஆனாலும் அதன் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் உங்கள் சதுப்போ சோலையோ பதிவாகியிருந்தால் அது அரசுக் காகிதம். நகராட்சிக்காரர்களுக்கு இதற்கு ஈடாகப் பகுதி சபை இருக்கிறது, உங்கள் கவுன்சிலரிடம் தேதி கேளுங்கள்.

8. விசாரணை நாள்

ஐந்து நிமிடம் கொடுத்தால் பெரிய விஷயம். இணைப்புகளின் மூலப் பிரதிகள், நீலம் தீட்டிய புலப்படம், இரண்டே இரண்டு போட்டோ. உங்களில் ஒருவர் பேசட்டும், மற்றவர்கள் குறித்துக்கொள்ளட்டும். ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024 மே முதல் இ-பாஸ் முறையைச் சென்னை உயர் நீதிமன்றம் கொண்டுவந்ததையும், மலை எவ்வளவு வாகனம் தாங்கும் என்று ஆய்வு நடக்க வைத்ததையும் இங்கே சொல்லலாம், ரிசார்ட் என்றால் பொருந்தும். முடிந்ததும் நீங்கள் பேசியதை ஒரு பக்கத்தில் எழுதி அன்றைக்கே தபாலில் அனுப்பிவிடுங்கள், நடவடிக்கைக் குறிப்பில் என்ன எழுதுவார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.

9. உத்தரவு வந்த பிறகு

உத்தரவின் நகலை வாங்கி நிபந்தனைகளைப் படியுங்கள். எதிராக வந்திருந்தாலும் அதில் ஓடைக்கு இடைவெளி, மண் வெட்டும் ஆழம், மரம் வெட்டக் கூடாது என்று ஏதாவது இருக்கும், அதை மீறுகிறார்களா என்று பார்ப்பதும் வேலைதான்.

நீதிமன்றம் போவதென்றால் நீலகிரிக்குச் சென்னை உயர் நீதிமன்றம், பழனி மலைக்கு (கொடைக்கானல், தாண்டிக்குடி எல்லாம் திண்டுக்கல் மாவட்டம்) மதுரைக் கிளை. பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில், விண்ணப்பக் கட்டணம் 1,000 ரூபாய், பிரச்சினை எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. நகர் ஊரமைப்புச் சட்டம் தீர்ப்பாயம் விசாரிக்கக்கூடிய சட்டங்களின் பட்டியலில் இல்லை. வெறும் "அனுமதி மீறல்" என்று போனால் வாசலிலேயே திருப்பிவிடுவார்கள், சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமோ, தண்ணீர் மாசுச் சட்டமோ, வனப் பாதுகாப்புச் சட்டமோ மீறப்பட்டதைக் காட்ட வேண்டும். வக்கீல் செலவு பயமாக இருந்தால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவைப் பாருங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு, அதனால் ஊரில் யார் பெயரில் வழக்குப் போடுவது என்பதையும் யோசித்து முடிவு செய்யுங்கள்.

நீலகிரியில் பொக்லைன், ஜேசிபி ஓட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல், அதுவும் மழைக்காலத்தில் சரிவை வெட்டினால் 1077-க்கு (மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை) போன் செய்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வண்டியின் பதிவு எண் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ, வெட்டிய இடம் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ, இரண்டையும் வைத்து அன்றைக்கே கோட்டாட்சியருக்கும் வட்டாட்சியருக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். ராத்திரி ஓட்டிவிட்டு விடிவதற்குள் கீழே இறக்கிவிடுவார்கள். பதிவு எண் இல்லாத போட்டோவை வைத்து எந்த வண்டியையும் பிடிக்க முடியாது.